தலைமுழுகிய பிறகு

திருநள்ளாற்று நளதீர்த்தக் கரையில் சனிக்கிழமை காலை கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். நல்லெண்ணெய் தேய்த்து முங்கி எழுகிறவர்கள், உடுத்தியிருந்த துணியைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு மாற்றுத் துணியோடு கோயிலுக்குப் போவதைப் பார்க்கலாம். துணியோடு பீடையும் ஒழிந்தது என்று கணக்கு. நாட்டையும் செல்வத்தையும் பகடையில் தோற்று, கட்டிய மனைவியை நடுக்காட்டில் விட்டுப் போன நளனுக்குச் சனி விலகிய இடம் இது என்கிறது தலபுராணம். ஏழரைச் சனியைப் பற்றியே பேசிப் பேசி, அந்த ஆள் ஒரு சூதாடி என்பதை நாம் மறந்தே போனோம்.

ஒரு பழக்கத்தை அடியோடு விட்டதைச் சொல்லத் தமிழில் 'தலைமுழுகிட்டேன்' என்பதைவிட அழுத்தமான வார்த்தை கிடையாது. செல்போன் ரம்மியில் கடன்பட்டு மாட்டிக்கொண்ட பிள்ளைகள் முதல் நாள் வீட்டில் சொல்வதும் அதைத்தான். "சத்தியமா தலைமுழுகிட்டேம்மா." சொல்லும்போது அது பொய்யில்லை. ஆனால் ஒரே முழுக்கோடு காரியம் முடிந்ததாக அந்த வார்த்தை நம்மை ஏமாற்றுகிறது. கரையேறிய பிறகு வரும் ஆறேழு வாரங்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

சூதிலிருந்து மீண்டவர்களைப் பற்றி எழுதித் தரும்படிதான் என்னிடம் கேட்டார்கள். மீண்டு ஐந்து வருடமானவர் கதை படிக்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அந்த முதல் ஆறு வாரம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதிலும், அந்த வாரங்களில் வீட்டார் செய்கிற ஒரு காரியம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மா நிலம். ஏக்கர் கணக்கில் இரண்டு. மருமகளின் ஆரம் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருப்பது, ஏல நோட்டீஸ் வந்த அன்றுதான் வீட்டுக்குத் தெரிகிறது. ராத்திரியே தாய்மாமனும் பெரியப்பாவும் வந்துவிடுகிறார்கள். கூடத்தில் விசாரணை. பையன் தலைகுனிந்தபடி ஒரு தொகை சொல்கிறான்: ஏழு லட்சம். அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள். பெரியப்பா முடிவு சொல்கிறார்: "மூணு மாவைத் தள்ளிவிட்டுக் கடனைத் தீத்துடுவோம். கண்டவன் வாசல்ல வந்து நிக்கக் கூடாது." கற்பூரம் கொளுத்திச் சத்தியம். ஒரே வாரத்தில் எல்லாம் பைசல். மானம் பிழைத்தது.

டெல்டாவில் இது ஊருக்கு ஊர் நடக்கிறது. இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேடு, சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களின் வரிசைக்கு மாற்றியது. அதுவரை அது 'உந்துதலை அடக்க முடியாத' கோளாறுகளோடு கிடந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்குத் தனி இடம் உண்டு. 2013 கையேடு சொல்லும் அடையாளங்கள் ஒன்பது. அவற்றில் நான்கு இருந்தால் நோய். விட்டதைப் பிடிக்க மறுநாளே ஓடுவது ஒன்று. எவ்வளவு ஆழமாகச் சிக்கியிருக்கிறான் என்பதை மறைத்துப் பொய் சொல்வது ஒன்று. சூதால் வந்த பண நெருக்கடியிலிருந்து தன்னைத் தூக்கிவிட அடுத்தவரை நம்பியிருப்பது இன்னொன்று. நம் பெரியப்பா மூணு மாவை விற்றுக் கொடுத்தது எதற்கு மருந்து என்று நினைத்தாரோ, மருத்துவர்கள் அதை நோயின் அடையாளத்தோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால், முதல் நாள் சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. வேண்டுமென்று மறைக்கிறான் என்றும் சொல்ல முடியாது. ஒன்பது லட்சம் என்று வாயைத் திறக்க வெட்கம். ஏழு என்று வந்துவிடுகிறது. மிச்சம் இரண்டு. நிலத்தையே விற்றுக் கடனை அடைத்த அம்மாவிடம் போய், 'இன்னும் ரெண்டு இருக்கு' என்று எப்படிச் சொல்வது? யாருக்கும் தெரியாமல் அதை அடைக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது வாரம், நான்காவது வாரம், அந்த ஒரே வழியில் மறுபடி இறங்குகிறான். இதில் இன்னொரு வேடிக்கை: கடன் செயலியில் பாக்கி தீர்ந்ததும், 'நீங்கள் இதைவிடப் பெரிய கடனுக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள்' என்று வாழ்த்து வரும். கந்துக்காரர் பார்வையிலும் அவன் இப்போது நாணயமான ஆள். வீடு அடைத்துக் கொடுத்தது கடனை மட்டுமா, அவன் பெயரில் ஊரில் மூடிக்கிடந்த கதவுகளையும் திறந்துவிட்டது.

நளன் கதையிலும், ஒரே அடியில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பவைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பாரதக் கதையில் அவனைப் பிடித்தது சனி அல்ல, கலி. அது விட்டு விலகியது, அவன் உருமாறித் தேரோட்டியாக ஊழியம் பார்த்த நாளில். ஒரு ராசா பிறர் வீட்டில் சம்பளக்காரனாகக் கழித்த காலம் அது. என்னைக் கேட்டால் மருந்தே அந்தப் பகுதிதான். நம் ஆட்களுக்குப் பிடித்ததோ கடைசிக் காட்சி. திரும்பி வந்து, அதே எதிராளியோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடி, விட்டதையெல்லாம் வென்றுவிடுகிறான் என்கிறது பாரதக் கதை. அந்த ஒரே ஒரு ஆட்டத்தை நம்பித்தான் இங்கே எத்தனையோ ஆரங்கள் அடகுக்குப் போயின. திருக்குறள் அதிகாரங்களின் வரிசை இதைவிட நியாயமாகப் படுகிறது: 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. சூதுக்கு அடுத்து வள்ளுவர் வைத்தது ஆட்டத்தை அல்ல, வைத்தியத்தை.

முதல் வாரங்களில் உடம்பு படும் பாட்டையும் சொல்ல வேண்டும். குடியை விட்டவனுக்குக் கை நடுங்கும். ஊர் அதைப் பார்த்து இரக்கப்படும். இவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. தூக்கம் போய்விடும். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். பிள்ளை பென்சில் கேட்டால் கத்துவான். ராத்திரி பதினோரு மணிக்குக் கை தானாகத் தலையணைக்கடியில் செல்போனைத் தேடும். இரண்டு செட் சேர்ந்து ஒரு சீட்டுக்காகக் காத்திருந்து, அது வராமல் தோற்றானே, அந்த ஆட்டம்தான் கண்ணை மூடினால் வரும். ஜெயித்த ஆட்டம் அவ்வளவாக வராது. நூலிழையில் தவறிய ஆட்டத்துக்கும், ஜெயிக்கும்போது கிளரும் அதே மூளைப் பகுதிகள் கிளர்ந்தெழும் என்பதை ஆய்வாளர்கள் படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். அந்த ஆசை அலை மாதிரி. எழும், உச்சிக்குப் போகும், கூட யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் தணியும்.

ஆனால் டெல்டா விவசாயிக்கு ராத்திரியில் கூட யார் இருக்கிறார்கள்? மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் முறை என்றால், மோட்டார் கொட்டகையில் தனியாகத்தான் படுத்திருக்க வேண்டும். அறுவடை முடிந்தால் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கும் வரை, சாக்கு வரும் வரை, முறை வரும் வரை பனியில் காவல் கிடக்க வேண்டும். குவித்த நெல் பட்டறைக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விரித்துச் சீட்டுப் போடுவது செல்போனுக்கு முந்தைய பழக்கம். இப்போது அவரவர் கையில் அவரவர் வெளிச்சம். விட்டு நாலு வாரமான ஒருவனை அங்கே தனியே அனுப்புவது, குடியை விட்டவனைச் சாராயக் கடைக்குக் காவல் வைப்பது மாதிரிதான்.

சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் ஆளுநர் ஒப்புதல் பெற்றது 2023 ஏப்ரலில். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டதால் வழக்கு மேல் வழக்கு. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அத்தனைக்கும் தடை போட்டது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு சிறை, ஒரு கோடி அபராதம் வரை உண்டு. நல்லது. லாட்டரியையும் 2003இல் தடை செய்தோம். மூணு நம்பர் சீட்டு வாட்ஸ்அப்பில் உயிரோடு இருக்கிறது. ரம்மி போனால் கிரிக்கெட் பந்தயம், அதுவும் இல்லையென்றால் பங்குச்சந்தை ஃபியூச்சர், ஆப்ஷன். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. தடை போட்டால் தீர்ந்தது என்பவர்களோடு சண்டை போட எனக்கு நேரமில்லை.

என் கவலை அறுவடைப் பணம். 2025-26 பருவத்தில் சன்னரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நம் ஆறு மா வீட்டுக்கு ஒரு லட்சம். அந்தக் காலத்தில் இந்தப் பணம் ரொக்கமாக வந்து பெட்டிக்குள் போகும். சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். இப்போது வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. இடைத்தரகர் இல்லாத நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் நிலம் அப்பா பெயரில் இருக்கும். சிட்டா, அடங்கல், ஆதாரோடு பதிவுக்கு ஓடியவன் பையன். கணக்கோடு இணைந்திருப்பது அவன் செல்போன் எண். வீட்டுப் பெண்ணுக்கு வரும் மகளிர் உரிமைத்தொகைக்கும் பல வீடுகளில் இதே கதை. குறுஞ்செய்தி அவன் சட்டைப் பையில்தான் ஒலிக்கும். ஆறு வாரமாகப் பத்து ரூபாய்க்கும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த கையில், ராத்திரி ஒன்பதரைக்கு, பட்டறைக் காவலில், தனியாக இருக்கும்போது ஒரு லட்சம். கற்பூரச் சத்தியம் இதைத் தாங்குமா?

ஆகவே முறையை மாற்றிப் போடுங்கள் என்கிறேன். முதலில் பணத்தின் வழியைக் கட்டுங்கள், கடனைப் பிறகு பார்க்கலாம். கணக்கில் இன்னொருவர் பெயரும் சேரட்டும். எண் மனைவியுடையதோ அம்மாவுடையதோ ஆகட்டும். அவன் போனில் பணம் அனுப்பும் செயலி கொஞ்ச காலம் வேண்டாம். டீச்செலவுக்குக் கையில் காசு கொடுங்கள். அவமானம்தான், நளனும் சம்பளத்துக்கு இருந்தான். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு கடனாக அவன் கையாலேயே எழுதட்டும், ஒரே நாளில் அல்ல. இரண்டாவது வாரம் ஒன்று ஞாபகம் வரும், நான்காவது வாரம் இன்னொன்று. வரும்போது திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தது வராது. ஒன்பது லட்சம் ஒன்பது லட்சமாகக் காகிதத்தில் நிற்கும்வரை ஒரு குழி நிலமும் விற்க வேண்டாம். பிறகும் அடைப்பது அவன் உழைப்பிலிருந்து, மாதாமாதம்.

வட்டி ஏறுமே, கடன்காரன் சும்மா விடுவானா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஏல நோட்டீஸ் வந்த நகைக்கு வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பந்தயத்தில் தோற்ற பாக்கியை நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு அது. கந்துவட்டிக்கு எதிராக 2003லிருந்து சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள். நிற்கட்டும். அந்த நாலு பேருக்குப் பயந்துதான் மூணு மா போகிறது.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கடன் வெளியே தெரிந்த முதல் நாட்களில்தான் 'நான் இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு அதிகம் வரும். அவனைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து வீட்டுக்குள்ளோ கொட்டகையிலோ இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்திப் பூட்டுங்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அவனிடம் அந்த நினைப்பு இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் வராத எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. 104 இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சூதுக்கென்றே அங்கீகரித்த மாத்திரை இன்னும் எதுவும் கிடையாது. பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மை. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவர் மருந்து தருவார். திருநள்ளாறு போக வேண்டுமென்றாலும் போய் வாருங்கள், குறுக்கே நிற்க மாட்டேன். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஆட்டத்தை விட்டவர்களும் உண்டு.

சம்பா அறுவடை தையில் தொடங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் பதியப் போகும் முன், இந்த வாரமே வங்கிக்கு ஒரு நடை போய், நெல் பணம் வரும் கணக்கில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.