ஈழத்துப் பொப்பிசையும் ஏ. ஈ. மனோகரனும்

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசைக்குத் தாளம் கொடுத்தது பைலா. 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கீசரும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரும் இலங்கைக் கரையோரங்களில் விட்டுச் சென்ற ஆட்டப்பாட்டு அது. மும்மூன்றாக ஓடும் ஆறு தட்டு. கேட்டதும் கை தானாகத் தாளம் போடும். பொலிஸில் வேலை பார்த்த வொலி பஸ்டியன் (1914–1985) அதற்குச் சிங்களத்தில் பாட்டுக் கட்டிப் பரப்பினார்.

தமிழில் முன்னோடி, உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். 1960களின் பிற்பகுதியில், அம்பாறை ஹார்டி கல்லூரி மாணவராக இருந்தபோதே கிற்றாரோடு பாடத் தொடங்கியவர். 'சின்ன மாமியே' பாட்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழும் உறவுமுறைக் கேலியும் அப்படியே இருக்கின்றன. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடிக்கு எதிரான பாட்டு. அதைக் குடித்துக்கொண்டே பாடியவர்களும் குறைவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அயர்லாந்திலும் இப்படி ஊர்ப் பாட்டும் கிற்றாரும் சேர்ந்தன. 1970இல் டப்ளினில் தொடங்கிய ஹார்ஸ்லிப்ஸ் குழு நாட்டார் மெட்டுகளை மின்கிற்றாரில் வாசித்தது. அவர்களுடைய 'ஜிக்' ஆட்டத்துக்கும் ஆறு தட்டுத்தான்.

பொப்பிசையைக் கடல் கடத்தியவர் ஏ. ஈ. மனோகரன். அவர் பாடிய 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் மாறி மாறி வரும், விஷயமோ மீன். இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டிலும் வீடு வீடாகக் கேட்ட காலம் அது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அந்த மெட்டை எடுத்தாண்டார். பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். பாட்டு தமிழ்நாட்டுக்கே சொந்தமானதுபோல் ஆயிற்று.

மனோகரன் மன்னார்க் கரைக்கு வந்தது நடிகராக. செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் 'வாடைக்காற்று' என்ற படமாக்கினார், 1978இல் வெளியானது. வாடைக் காலத்தில் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களின் கதை. படப்பிடிப்புக்குத் தேர்ந்த இடம் மன்னார்த் தீவின் பேசாலை. ஈழத்துத் தமிழ்ப் படங்களில் கரையோர வாழ்க்கையை இவ்வளவு கிட்ட நின்று காட்டியவை மிகக் குறைவு.

பின்னர் அவர் இந்தியாவிலேயே தங்கி, 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ், மலையாளப் படங்களில் பெரும்பாலும் வில்லனாக நடித்தார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.