இன்டர்கூலருக்கு வெளியே ஓடும் காற்று

போர்ஷே 911 டர்போவின் 1978ஆம் ஆண்டு மாடலில் எஞ்சின் 3.3 லிட்டராகப் பெரிதானது. கூடவே, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் முதன்முறையாகச் சேர்ந்தது. குதிரைத்திறன் 260இலிருந்து 300க்கு உயர்ந்தது. அந்த இன்டர்கூலர் பின்புற ஸ்பாய்லருக்குள் இருந்தது. எஞ்சின் பின்னால் உள்ள அந்தக் காரில், வெளிக்காற்று தாராளமாகக் கிடைக்கும் இடம் அதுதான். சொந்தமாக இன்டர்கூலர் செய்ய விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

டர்போசார்ஜர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது சுமார் 125 டிகிரியில் வெளிவரும். அதனால் அழுத்தம் இரட்டித்தும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகிறது. பெட்ரோல் எஞ்சினில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே சூடான கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ‘நாக்கிங்’ எனப்படும் இது தொடர்ந்தால் பிஸ்டனே சேதமாகும்.

டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலரை வைத்தால் காற்று 60 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கும். 2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் சுழலும்போது, இதற்காக வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 12 கிலோவாட். ஒரு கிலோவாட் இஸ்திரிப்பெட்டிகள் பன்னிரண்டு ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். வெளிக்காற்று 20 டிகிரி மட்டுமே சூடேறி இந்த வெப்பத்தைச் சுமந்து செல்ல வேண்டுமானால், எஞ்சின் குடிக்கும் காற்றைப் போல மூன்று மடங்குக்கும் மேலான காற்று இன்டர்கூலரின் ஊடே ஓட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இன்டர்கூலரின் குழாய்களும் மடிப்புகளும் கொண்ட நடுப்பகுதியான ‘கோர்’ கிடைப்பதிலேயே தடிமனானதாக வாங்கி பம்பருக்குப் பின்னால் மாட்டிவிடுகிறார்கள். தடிமன் கூடினால் பின்பகுதிக்குப் போய்ச் சேர்வது ஏற்கெனவே சூடான காற்று, தடையும் அதிகம். காற்று எப்போதும் எளிய வழியையே தேடும் என்பதால், கோரைச் சுற்றி இடைவெளி இருந்தால் அதன் வழியே நழுவிவிடும். தடிமனைக் கூட்டுவதைவிட முகப்பரப்பைக் கூட்டுவது மேல். பம்பர் திறப்பிலிருந்து கோர் வரை தகடால் வழி அமைத்து, இடுக்குகளை ஃபோம் வைத்து அடைக்க வேண்டும். பின்னால் காற்று வெளியேறவும் இடம் வேண்டும். அங்கே ரேடியேட்டரும் அதே காற்றுக்காகக் காத்திருக்கிறது.

உட்புறக் கணக்கு வேறு. கோரின் குழாய்களுக்குள் உள்ள மடிப்புகள் நெருக்கமாக இருந்தால் காற்று நன்றாகக் குளிரும், ஆனால் அழுத்தம் குறையும். குறைந்ததை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை மேலும் சூடாக்கும். குழாய்கள் எண்ணிக்கையில் அதிகமாகவும் நீளத்தில் குறைவாகவும் இருந்தால் இந்த இழப்பு குறையும். இரு முனைகளிலும் வரும் எண்டு டேங்குகளைச் சரிவாக அமைத்தால் எல்லாக் குழாய்களுக்கும் காற்று சீராகப் பிரியும்.

கோரை ஆயத்தமாக வாங்கி, எண்டு டேங்குகளை மட்டும் 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டிச் செய்வதே நடைமுறை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, துருப்பிடிக்காத எஃகு பிரஷால் தேய்த்து, ஆர்கான் வாயுவின் காப்பில் ஏ.சி. மின்னோட்ட டிக் வெல்டிங் செய்கிறார்கள். மின்னோட்டம் திசை மாறும்போது ஆக்சைடு படலம் உடைகிறது.

வெல்டிங் முடிந்ததும் உள்ளே சிக்கிய உலோகத் தூளை முழுவதுமாகக் கழுவி எடுக்க வேண்டும். அது எஞ்சினுக்குள் போனால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பிறகு வாய்களை உறுதியாக அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, தண்ணீரில் அமிழ்த்திக் கசிவைப் பார்க்கலாம்.

காரில் பொருத்திய பின், உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளந்து பார்ப்பது அவசியம். வெப்பநிலை போதிய அளவு இறங்காமல் அழுத்தம் மட்டும் சரியாக இருந்தால், கோரை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் வெளிக்காற்று வரும் வழியைச் சீராக்குங்கள். தகடும் ஃபோமும் புதிய கோரைவிட மலிவு. பெரும்பாலும் அவையே போதும்.