பழைய மோட்டார் வண்டியும் புதிய இணையமும்

முழுமதி நாள்தோறும் நம் திருவண்ணாமலைக்குப் பல திசைகளினின்றும் மோட்டார் வண்டிகள் வந்து குவிதலைக் காண்கின்றோம். வந்தோர் தம் வண்டிகளை ஊர்ப்புறத்தே நிறுத்திவிட்டு, மலையைச் சூழ்ந்த 14 கிலோமீட்டர் வழியைக் கால்நடையாய்க் கடப்பர். அவ்விரவு முழுதும் வண்டி காப்பாரின்றித் தனித்தே நிற்கும். புதிய வண்டிகளுள் சில, தாம் நிற்குமிடத்தை உடையவரின் கைப்பேசிக்குத் தாமே அறிவிக்க வல்லன. பழையனவோ வாய்பேசா. பழைய வண்டியையும் பேசச் செய்தல் கூடுமோ, கூடுமெனின் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் வண்டியின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குவோம். எஞ்சினின் குறைகளை வண்டியே கண்டு பதிவு செய்துகொள்ளும் சோதனை முறை ‘ஓ.பி.டி.’ எனப்படும். இதன் இரண்டாம் படி அமெரிக்க நாட்டில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. இந்தியாவில் முதற்படி 2010ஆம் ஆண்டிலும், இரண்டாம் படி 2013ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. இம்முறையுடைய வண்டிகளில், ஸ்டியரிங்கின் கீழ் 16 முனைகள் கொண்ட சிறு செருகுவாய் ஒன்றுண்டு. மெக்கானிக் தம் கருவியை அதிற் செருகின், ‘பி0301’ போன்றதொரு குறி தோன்றும். முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்பது இக்குறியின் பொருளாம்.

அச்செருகுவாயிலேயே, சிம் அட்டையும் ஜி.பி.எஸ். வாங்கியும் அடங்கிய கைக்கடக்கமான கருவியொன்றை நிலையாகப் பொருத்தலாம். ஜியோ நிறுவனம் 2023இல் 4,999 ரூபாய் விலையில் வெளியிட்ட ‘ஜியோமோட்டிவ்’ இவ்வகையதே. கருவி, செயற்கைக்கோள்களின் அலைகளால் இடத்தையும், செருகுவாயின் வழியே எஞ்சினின் வேகம், வெப்பம் முதலியவற்றையும் அறிந்து, கைப்பேசி அலைத்தொடர்பின் மூலம் அனுப்புகின்றது. ஜவ்வாது மலைப்பாதையில் தொடர்பு அறுமாயின், நற்கருவி செய்திகளைத் தன்னுள் சேமித்துப் பின்னர் அனுப்பும்.

கார்புரேட்டர் கொண்ட பழைய அம்பாசிடர் வண்டிக்கோ இச்செருகுவாய் இல்லை. எனினும் பாட்டரியினின்று இரண்டு மூன்று கம்பிகளை இணைத்து, இடங்காட்டும் கருவியை அமைக்கலாம். டயர் வால்வின் மூடிக்குப் பதிலாகக் காற்றழுத்தம் அறிவிக்கும் மூடியை இடலாம். பழைய ரேடியோவின் இடத்தில், கைப்பேசியோடு இணையும் திரையையும் பொருத்தலாம். ஆயின் இத்தகைய வண்டியின் எஞ்சின் தன் நோயைத் தானே உரைக்குமென எதிர்பார்த்தல் வீணாம். உரைக்கும் உறுப்பு அதற்கில்லை.

வாடகை வண்டியுடையார் பிறிதொன்றும் அறிதல் வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் புதிதாய்ப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வண்டிகளில், ஆட்டோக்கள் நீங்கலாக, இடங்காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருத்தல் வேண்டுமென இந்திய அரசு விதித்தது. இதற்குரிய தரநிலை ‘ஏ.ஐ.எஸ். 140’ ஆகும். கடையில் மலிவாய்க் கிடைக்கும் யாதேனுமொரு கருவி இதற்கு ஈடாகாது.

நிற்க, தீமைகளையும் ஆராய்வோம். செருகுவாயின் ஒரு முனையில், வண்டி நின்ற பின்னும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கருவி 20 மில்லி ஆம்பியர் உண்ணுமாயின், 30 நாளில் ஏறத்தாழ 14 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணி கொள்ளும் சிறிய பாட்டரிக்கு இது ஐந்தில் இரண்டு பங்காம். மாதக்கணக்கில் ஓடாது நிற்கும் வண்டி, வேண்டும்பொழுது கிளம்பாமற் போவதற்கு இதுவே போதும்.

இதனினும் பெரிய அச்சமொன்றுண்டு. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘கேன்’ என்னும் முறையே வண்டியின் உறுப்புகள் தம்முள் பேசும் மொழியாயிற்று. ஒரு செய்தியை அனுப்பியது யார் எனச் சோதிக்கும் ஏற்பாடு அதன்கண் இல்லை. 2015இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆராய்ச்சியாளர், செருகுவாயிற் பொருத்திய இத்தகைய கருவியொன்றிற்குக் குறுஞ்செய்தி அனுப்பியே, ஒரு கார்வெட் வண்டியின் துடைப்பானை இயக்கிக் காட்டினர். மெல்லச் செல்லுங்கால் அதன் பிரேக்கையும் செயலிழக்கச் செய்தனர். கள்வரைத் தடுக்கவென வைத்த வாயிலே கள்வர் நுழையும் வாயிலாதலும் கூடும் என்பது இதனாற் போதரும்.

மேலும், கருவியின் வாழ்நாள் அலைத்தொடர்பின் வாழ்நாளைப் பொறுத்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் மூன்றாம் தலைமுறை அலைத்தொடர்பை நிறுத்தியபொழுது, அதனையே நம்பியிருந்த கார்களின் இணைய வசதிகள் ஓய்ந்தன. நம் போக்குவரத்து முழுதும் பிறரொருவரின் கணிப்பொறியிற் பதிவாகின்றது என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் வாங்குவோர் மூன்று வினாக்களை வினவுக. குறை தோன்றின் அதனைத் திருத்தும் புதுப்பிப்பு வருமோ? ஆண்டுக்கட்டணம் எவ்வளவு? பதிவுகளை அழிக்கும் உரிமை நமக்குண்டோ? இவற்றிற்குத் தெளிவான விடை தாராதாரிடம் வாங்காதொழிக.

இறுதியாக ஒன்று கூறுவோம். தேய்ந்த டயரை இணையம் புதுப்பியாது. தளர்ந்த பிரேக்கை இறுக்காது. காற்றுப்பை இல்லா வண்டிக்கு அதனை அளியாது. கையிலுள்ள பொருள் குறைவாயின், டயருக்கும் பிரேக்குக்கும் முதலிற் செலவிடுக. எஞ்சியதைக் கருவிக்கு ஈக. வண்டி தன் இடத்தைச் சொல்லுதல் நன்று. அதனுள் இருப்போர் நலமே வீடு சேர்தல் அதனினும் நன்று.