பத்திரம் எழுதும் கணினியும் மலைநிலத்து நான்கெல்லையும்

முன்னுரை

கிரையப் பத்திரம் ஒன்றின் பெரும்பகுதி முன்னரே வகுக்கப்பெற்ற வாசகங்களாகும். தொகை பெற்றுக்கொண்ட செய்தியும், வில்லங்கம் இல்லை என்னும் உறுதிமொழியும் எல்லாப் பத்திரங்களிலும் ஏறத்தாழ ஒரே நடையில் அமைகின்றன. மாறுவன பெயர், தொகை, நாள், சொத்து விவரம் ஆகியனவே. மாறாதவற்றைக் கணினியிடம் ஒப்படைத்து, மாறுவனவற்றை மட்டும் கேட்டுப் பெறும் முறை ஆவணத் தானியக்கம் எனப்படும். வழக்கறிஞர் அலுவலகங்கள் தத்தம் தேவைக்கேற்ப இத்தகைய அமைப்புகளை வகுத்துக்கொள்ளும் இந்நாளில், அவற்றின் பயனையும் எல்லையையும் கொடைக்கானல் மலைநிலத்தை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாகும்.

கணினி செயற்படும் முறை

இம்முயற்சி புதியதன்று. அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்ப்ரௌல் என்பார், சட்ட ஆவணங்களை வரையும் கணினி நிரலொன்றை 1970களின் இறுதியிலேயே உருவாக்கினார். இத்தகைய அமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு. அவை மாதிரி ஆவணம், வினாக்கள், நிபந்தனைகள் என்பன. இவற்றுள் உயிரானது நிபந்தனையே.

ஒரு சான்று காண்போம். அசையாச் சொத்தின் கொடைக்குப் பதிவு வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. முஸ்லிம் சட்டத்தின்படி அமையும் ஹிபாவுக்கு 129ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. ஹிபாவில் அறிவிப்பு, ஏற்பு, உடைமை ஒப்படைப்பு ஆகிய மூன்றுமே இன்றியமையாதவை. ஆதலின் கொடையாளர் முஸ்லிம் எனில், 'உடைமை ஒப்படைக்கப்பட்டதா?' என்ற வினாவைக் கணினி எழுப்புதல் வேண்டும். வினாவை அமைக்க மறந்தவர் விடையையும் இழப்பார்.

தமிழகத்தில்

பத்திரம் வரையும் பணியைத் தமிழகத்தில் நெடுங்காலமாகச் செய்துவருவோர் பத்திர எழுத்தர்கள். 1982ஆம் ஆண்டு விதிகள் அவர்தம் உரிமத்தை முறைப்படுத்தின. பதிவுத்துறையில் 2000ஆம் ஆண்டில் 'ஸ்டார்' திட்டமும், 2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' திட்டமும் தொடங்கப்பெற்றன. மாதிரி ஆவணங்களைத் துறையின் இணையதளத்திலேயே பெறலாம். விவரங்களை இட்டு ஆவணத்தை உருவாக்கவும் வழியுண்டு. அடித்தல் திருத்தல் குறைவதும், இன்றியமையாத வாசகம் விடுபடாமையும் இதனால் விளையும் நன்மைகள்.

மலைநிலத்தின் சிக்கல்

சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் ஆவணத்தில் இருத்தல் வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நகரத்து மனைக்குத் தெருவும் கதவு எண்ணும் உள. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலையூர்களின் படிக்கட்டு நிலங்களுக்கோ ஓடையும் பாறையும் ஒற்றையடிப் பாதையுமே அடையாளங்கள்.

இங்கே மொழியும் இடறுகின்றது. பழைய பத்திரங்களில் 'ஓடைக்குக் கிழக்கு' என எழுதுவது வழக்கம். நிலம் ஓடையின் கீழ்த்திசையில் உள்ளது, ஆகவே ஓடை நிலத்தின் மேற்கெல்லை என்பது அதன் பொருள். கணினியோ 'கிழக்கு' என ஒரு கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொல்கின்றது. பழக்கமில்லாதவர் அதில் 'ஓடை' என்று இட்டுவிட்டால், நிலம் ஓடையின் மறுகரைக்குத் தாவிவிடும்! ஒரு நான்காம் வேற்றுமை உருபைக் கவனியாததால் அண்டை வீட்டாரிடையே வழக்கு மூளும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே அதில் கரையவும் கூடும்.

சட்டமும் மலைக்கு வேறாக உண்டு. 1949ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் வனங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை உரிய முன் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. சமவெளி மனைகளுக்கென வகுத்த மாதிரியில் இவ்வினா இராது. பாதை உரிமை பற்றிய வினாவும் இராது. கையால் எழுதுபவரின் பிழை பெரும்பாலும் ஒரு பத்திரத்தோடு நிற்கும். மாதிரியில் புகுந்த பிழையோ அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பத்திரத்திலும் அச்சேறும். அச்சின் அழகே அதனை மறைத்தும் விடும்.

முன்னோர் கண்ட நெறி

முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைக் கூறும் செப்பேட்டை நாம் அறிவோம். சோழர் செப்பேடுகளின் வாசகங்களும் பெரிதும் வகுத்த மாதிரிகளே. எனினும் பெண் யானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றிவந்த பின்னரே ஆனைமங்கலத்தின் எல்லை பொறிக்கப்பெற்றது. சொற்களைக் கையிருப்பிலிருந்து எடுத்த முன்னோர், எல்லையை நேரில் நடந்தே கண்டனர்.

முடிவுரை

ஆகவே, தானியக்கம் வேண்டத்தக்கதே. ஆனால் மலைநிலத்திற்கெனத் தனி வினாக்கள் அமைதல் வேண்டும். எல்லைக் கட்டத்தில் 'நிலத்தின் கிழக்கே இருப்பது எது?' என ஐயமறக் கேட்டல் வேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் மூலப்பத்திரத்தையும் ஒப்பிட்டு, நிலத்தை நேரில் கண்ட பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். இவ்வினாக்களைப் பிழையற்ற தமிழில் அமைக்கும் பணி வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று. வேற்றுமை இலக்கணம் பயிலும் நம் மாணவர்க்கும் அதிற் பங்குண்டு. வகுப்பறையில் கற்கும் 'கு' உருபு, ஓர் ஏழையின் நிலத்தைக் காக்கும் வேலியாகவும் அமையும்.