இம்ப்ளான்ட் பல்லின் ஆயுள் அளவு எடுப்பதில்

ராஜபாளையம் மில்காரர்களுக்கு பஞ்சின் நயத்தைச் சொல்லும் 'மைக்ரோனேர்' அளவு அன்றாடப் பேச்சு. அவர்கள் கையாளும் பஞ்சு இழையின் அகலம் ஏறத்தாழ 12 முதல் 20 மைக்ரான். தாடையில் வைத்த இம்ப்ளான்ட் அசையக்கூடிய தூரம் அதைவிடக் குறைவு. ஏறத்தாழ 10 மைக்ரான்தான்.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே சவ்வு உண்டு. கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரான் வரை நகர்ந்து கொடுக்கும். இம்ப்ளான்ட் என்ற டைட்டானியம் திருகையோ எலும்பே கவ்விக்கொள்கிறது. ஸ்வீடனில் ஆய்வாளர் பிரானெமார்க் 1965இல் மனிதருக்குப் பொருத்திக் காட்டியது இதைத்தான். அதனால் மேலே வரும் பல் சட்டம் கொஞ்சம் பிசகி உட்கார்ந்தாலும் அந்த இறுக்கம் போக வழியில்லை. சட்டத்தைப் பிடிக்கும் திருகு தளரும், சமயத்தில் முறியும், பீங்கான் தெறிக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் கட்டப் போகிறவர் செலவைக் கேட்கிறார், வலிக்குமா என்று கேட்கிறார். இந்தப் பிசகைத் தவிர்க்க, அளவு எப்படி எடுப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஒன்றிரண்டு பல் என்றால் அச்சு எடுக்கும் மூடிய ட்ரே, திறந்த ட்ரே இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நான்கு, ஆறு என்று போனால் திறந்த ட்ரேதான் நம்பகமானது. இம்ப்ளான்ட்மேல் மாட்டிய அளவுக் கம்பிகளின் திருகை ட்ரேயின் துளை வழியே கழற்றி, அவற்றை அச்சோடு சேர்த்தே வெளியே எடுப்பார்கள். அதற்கு முன் வாய்க்குள்ளேயே கம்பிகளை ரெசினால் ஒன்றோடொன்று பிணைப்பது நல்லது. ஆனால் ரெசின் சுருங்கும். ஒரு நாளில் 6 முதல் 8 சதவீதம். அதில் பெரும்பகுதி முதல் 17 நிமிடத்துக்குள். அதனால் கவனமான மருத்துவர் பிணைப்பை நடுவில் மெல்லிய பிளேடால் அறுத்து, சுருங்க விட்டு, அந்தக் கீறலை மட்டும் மறுபடி துளி ரெசினால் ஒட்டுவார். இதற்குப் பொறுமை வேண்டும். என் பார்வையில், விலை உயர்ந்த கருவியைவிட இந்தப் பொறுமைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ரப்பர் கையுறையில் உள்ள கந்தகம் பட்டால் அச்சு எடுக்கும் சிலிக்கோன் சரியாக இறுகாது. பிசைபவர் வினைல் கையுறை போட வேண்டும்.

இப்போது வாய்க்குள் ஸ்கேனர் வந்துவிட்டது. ஓரிரு பல்லுக்கு அருமை. முழுத் தாடைக்குப் படங்களை ஒட்டி ஒட்டிச் சேர்ப்பதால், ஒரு கோடியில் தொடங்கிய சிறு பிழை மறு கோடிக்குப் போவதற்குள் பெருகிவிடக்கூடும்.

பல பற்கள் சேர்ந்த சட்டம் என்றால், நிரந்தரமாக மாட்டும் முன் ஒரு சோதனை கேளுங்கள்: ஒரு கோடியில் உள்ள திருகை மட்டும் இறுக்கி, மறு கோடியில் இடைவெளி தெரிகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால், தயங்காமல் மறுபடி அளவு எடுக்கச் சொல்லுங்கள்.