தொப்பூர் இறக்கமும் புதுக் கருவிகளும்

சீநகரினின்று குமரிமுனைகாறும் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, தருமபுரிக்குத் தெற்கே நல்லம்பள்ளியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்குகின்றது. முன்னர்ச் சுங்கச்சாவடிதோறும் லாரிகள் வரிசையாய்க் காத்துக் கிடந்தன. 2018-இல் வந்த இ-வே பில், சரக்கின் விவரத்தைக் கணினியில் ஏற்றிற்று. 2021-இல் கட்டாயமாக்கப்பெற்ற ஃபாஸ்டேக், கண்ணாடியில் ஒட்டிய வில்லையை வானொலி அலையாற் படித்துக் கட்டணங் கொள்கின்றது. செயற்கைக்கோள் வழியே இடமறியுங் கருவியோ, லாரி எங்குளதென்பதை உரிமையாளர்க்கு உடனுக்குடன் உணர்த்துகின்றது.

ஆயினும் ஒன்று எண்ணற்பாலது. டீசல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் இறங்கின், எஞ்சின் தரும் தடை நீங்கும். பளு முழுதும் பிரேக்கின்மேல் விழ, அது சூடேறிப் பிடியிழக்கும். இக்கணவாயில் உயிர்கள் பல மாண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாம். சாவடியில் மிச்சமான நேரத்தை ஓட்டுநர்க்கு ஓய்வாக அளியாது, மேலும் விரைகவென்று தூண்டுவோமாயின் கருவியால் யாது பயன்?

நண்பர்காள்! சரக்கின் இருப்பிடம் அறிய வல்ல நாம், அதனைச் சுமந்து வருவோன் கண்ணயர்ந்தனனோ என்பதையும் அறிய முயலுதல் வேண்டும். விரைவினும் உயிர் பெரிதன்றோ?