ஜோடிக் கணக்கும் கூலிப் பேச்சும்

பாலாற்றங்கரையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவிக் கிடக்கும் தோல் தொழில், 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு மத்திய சர்க்கார் கட்டுப்பாடு விதித்த பிற்பாடு காலணித் தொழிலாகவும் கிளைத்து, தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான பெண்களைத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தது. கூலியைப் பற்றிய பழைய விவகாரமும் அத்துடன் புது உருவம் கொண்டது: சங்கம் எல்லாருக்குமாகப் பேசி வாங்கும் சம்பளமா, அவரவர் தைக்கும் ஜோடிக்குத் தக்க இன்சென்டிவா?

இவ்விரண்டும் ஜன்ம விரோதிகள் என்று முதலாளிகளில் சிலரும், விந்தையாகச் சங்கத்தாரில் சிலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கும், நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயமாகியிருந்தால், அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று 1948ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டமோ, பின்னர் வந்த திருத்தத்தின்படி, லாபத்துக்குப் பதிலாக உற்பத்தியை அளவுகோலாகக் கொள்ள அனுமதித்தது. ஆனால் அதற்குத் தொழிலாளருடன் உடன்படிக்கை வேண்டும், 8.33 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது, 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது என்றது. திறமைக்கு ஊதியம் என்பதே, ஆக, பேச்சுவார்த்தையின் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

சிக்கலெல்லாம் 'டார்கெட்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரு தோல் போல் மற்றொரு தோல் இருப்பதில்லை. தழும்பும் துளையும் உள்ள தோலில் வெட்டுகிறவர் கை தயங்கும், அவர் தயங்கினால் அடுத்துச் சீவுகிறவர் காத்திருப்பார், அவருக்குப் பின்னால் தைக்கிற பெண்ணோ, தன் தவறு யாதொன்றும் இல்லாமலே, மாலையில் குறைந்த ஜோடியுடன் சூப்பர்வைசர் முன் நிற்பாள். மணிக்கு எத்தனை ஜோடி, மாடல் மாறும் நாளில் எத்தனை, இயந்திரம் நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பவற்றைச் சம்பள உயர்வோடு சேர்த்தே பேசி ஒப்பந்தத்தில் எழுதாத சங்கம், என் அபிப்பிராயத்தில், பாதி வேலையைத்தான் செய்கிறது.

அப்படிப் பேச யாருக்கு உரிமை? தொழில் உறவுகளைப் பற்றிய 2020ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள இடத்தில், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் குறைந்தது 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கத்துக்கே தனித்துப் பேசும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில், தரகர் கொண்டுவந்து போடும் அப்பரை, அதாவது காலணியின் மேற்பாகத்தை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்களின் பெயர் அந்த மஸ்டர் ரோலில் இல்லை.